அது

செப்டம்பர் 7, 2023, வியாழன்

திருச்சியில் ஏறி, சிங்கப்பூரில் நள்ளிரவில் கால் மரத்துப்போகக் காத்திருந்து, ஒசாகா வந்து சேர்ந்தேன். மகள் குடியிருப்பது நிஷினோமியாவில். ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவில் இருக்கும் ஊர். விமான நிலையத்திலிருந்து நம்பா வரை ஒரு ரயில், அங்கிருந்து ஹன்ஷின் ரயில். பொன்மலைப் பணிமனையில் முப்பத்தைந்து வருடம் கழித்தவனுக்கு ரயிலில் ஏறியதும் கண் தானாகத் தண்டவாளத்துக்குத்தான் போகும். ஜப்பானின் பழைய அரசு ரயில்வே ஓடுவது 1,067 மில்லிமீட்டர் பாதையில். தனியார் கம்பெனியான ஹன்ஷினோ 1905இல் தொடங்கும்போதே 1,435 மில்லிமீட்டர் போட்டுவிட்டது. அரசாங்கத்தைவிட அகலமான பாதை போட்ட கம்பெனி என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கம்பெனிதான் ஹன்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணியையும் நடத்துகிறது. நம் ரயில்வேயும் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுத்து அணி நடத்துவதுண்டு. ஆனால் அந்த அணி தோற்றால் திருச்சியில் யாரும் இரவுச் சாப்பாட்டை ஒதுக்கிவைக்க மாட்டார்கள். இங்கே ஒதுக்குவார்கள் என்கிறார் மாப்பிள்ளை. இன்று அணிக்கு ஆட்டமில்லை. அப்படியும் எங்கள் பெட்டியில் பாதிப் பேர் கையில் மஞ்சளும் கறுப்புமாக ஏதாவது ஒன்று இருந்தது. பை, துண்டு, கைக்குட்டை, ஒரு பாட்டியின் குடை.

எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே அடிக்கடி "அரே" என்றார்கள். வடநாட்டுக்காரர்களோடு வேலை பார்த்த பழக்கத்தில், என்ன இந்தியில் அலுத்துக்கொள்கிறார்களே என்று நினைத்தேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"மாமா, இந்த ஊரில் இப்போது ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது. யூஷோ. சாம்பியன் பட்டம் என்று அர்த்தம். அணியின் மேனேஜர் ஒகாடா, நம் கிரிக்கெட்டில் தலைமைப் பயிற்சியாளர் மாதிரி, அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. 'அரே' என்பார். நம் 'அது'தான். அவரைப் பார்த்து ஊரே அப்படிச் சொல்கிறது."

ஜப்பானிய மொழியில் கோரே, சோரே, அரே என்று மூன்று சுட்டு. இது, உது, அது. நம் பக்கத்துப் பேச்சில் நடுவில் இருந்த 'உது' செத்துப்போய்விட்டது. யாழ்ப்பாணத்தார் இன்னும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய மொழிக்குத் தமிழே வேர் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் அந்த வழக்குக்குள் போகவில்லை. ஆனால் ஆசைப்படும் பொருளைப் பெயர் சொல்லாமல் 'அது' என்று தள்ளி வைக்கிற பயம் எனக்கு அந்நியமானதாக இல்லை. எங்கள் பாட்டி அரிசி தீர்ந்துவிட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அரிசி நிறைந்திருக்கிறது" என்பாள். தாத்தா உடனே பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்.

தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. மிச்சம் நாளை.

செப்டம்பர் 8, வெள்ளி

மாப்பிள்ளை எங்கிருந்தோ இரண்டு டிக்கெட் பிடித்திருந்தார். ஹிரோஷிமா கார்ப் அணியுடன் மூன்று நாள் தொடரின் முதல் ஆட்டம். பட்டியலில் ஹன்ஷின் முதலிடம், ஹிரோஷிமா இரண்டாமிடம்.

மைதானத்தின் பெயர் கோஷியென். ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். இறங்கியதும் கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். சுவர் முழுக்கப் பசுங்கொடி. உள்ளே 47 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். படியேறி முதல் முறை மைதானம் கண்ணில் பட்டபோது ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். வெளிவட்டத்தில் புல். உள்வட்டம் முழுக்கக் கரிய மண். தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்க மைதானங்களில் உள்ளேயும் புல் இருக்கும். இங்கே நன்செய் உழுது பரம்படித்து வைத்ததுபோல இருக்கிறது.

விளையாட்டை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு இன்னிங்ஸ் ஆயிற்று. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு சுருக்கு வழி: ஓவர் கணக்கை மறந்துவிடுங்கள். மூன்று பேர் அவுட்டானால் பக்கம் மாறும், ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

புரியாத ஒன்று இருந்தது. ஹன்ஷின் பேட்டர் ஒருவர் மட்டையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. பந்து போடும் பிட்சர், அடிக்க எட்டும் எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டுவிட்டால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பேஸ் என்பது ஒரு ரன்னுக்குச் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று, கடைசி முனை ஹோம். அந்த மனிதர் சும்மா நின்றார், நடந்து போனார். அதற்கு மைதானமே எழுந்து கத்துகிறது. அடித்தவனுக்குக் கைதட்டுவார்கள், அடிக்காதவனுக்குமா என்று கேட்டேன்.

மாப்பிள்ளை சொன்ன விளக்கம் இந்த அணியின் இந்த வருடத்துக் கதைக்கே சாவி. போன குளிர்காலத்தில் ஒகாடா பதவிக்கு வந்ததும் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைத்தாராம். வீரர்களின் சம்பளக் கணக்கில் இந்த 'நான்கு பந்து' நடைக்குக் கொடுக்கும் மதிப்பைக் கூட்ட வேண்டும் என்று. பிறகு வீரர்களிடமும் அதைச் சொல்லிவிட்டார். பொறுமைக்குக் காசு உண்டு என்று தெரிந்ததும் கெட்ட பந்தைத் துரத்துவது குறைந்துவிட்டது. பணிமனையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நேர்மையான நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை. வேண்டியது எதுவோ அதற்குக் கூலி கொடு. எங்கள் காலத்தில் பொறுமைக்குப் பொன்மொழிதான் கொடுத்தார்கள்.

இரண்டாவது வேலை, ஆட்களை ஓரிடத்தில் நிறுத்தியது. முந்தைய வருடங்களில் வீரர்கள் இன்றைக்கு இந்த இடம், நாளைக்கு அந்த இடம் என்று மாறிக்கொண்டிருந்தார்கள். ஒகாடா ஓயாமாவை முதல் பேஸில் நிறுத்தி நான்காம் பேட்டராக்கினார். சாட்டோவுக்கு மூன்றாம் பேஸ். நகானோவை, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து இரண்டாம் பேஸுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு தொடவில்லை. முதல் ஆளாக மட்டை பிடிப்பவர் சிகாமோட்டோ, அடுத்து நகானோ. ஏப்ரலில் இருந்து ஏறத்தாழ இதே வரிசை. யாருக்கு என்ன வேலை என்று காலையில் எழும்போதே தெரிந்துவிடும்.

எங்கள் இருக்கை வெளிவட்டத்தின் வலது ஓரம். தீவிர ரசிகர்களின் கோட்டை அதுதான் என்று வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வீரருக்கும் தனிப் பாட்டு. எக்காளம், மேளம். கையில் இரண்டு பிளாஸ்டிக் மட்டைகளை வைத்துத் தட்டுகிறார்கள். எனக்கும் ஒரு ஜோடி தந்தார்கள். மூன்று மணி நேரம் தட்டியதில் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்தபடி இளம்பெண்கள் செங்குத்தான படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு பாரத்தோடும் ஒருத்தி வாடிக்கையாளர் முன் மண்டியிட்டுத்தான் ஊற்றினாள். ஏழாம் இன்னிங்ஸில் ஆயிரக்கணக்கான பலூன்களை ஊதி ஒரே நேரத்தில் பறக்க விடுவது வழக்கம் என்று படித்திருந்தேன். கொரோனாவோடு அது நின்றுபோயிற்று. வாய்விட்டுக் கத்துவதற்கான தடை நீங்கியதே இவர்களுக்குப் பெரிய விடுதலை.

எதிரணிக்காரர்கள் இடது மூலையில் ஒரு சிவப்புத் துண்டாக இருந்தார்கள். அணுகுண்டு விழுந்து ஐந்தே வருடத்தில் களமிறங்கிய அணி அது. பணமில்லாமல் மூடும் நிலை வந்தபோது மைதான வாசலில் பீப்பாய் வைத்து மக்களிடம் சில்லறை வசூலித்துக் காப்பாற்றினார்கள். அவர்கள் கத்துவதைக் கேட்டபோது என்னால் அவர்களை எதிரியாக நினைக்க முடியவில்லை. இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

ஹன்ஷின் வென்றது. 'அது' ஓர் அடி அருகே வந்தது. முடிந்ததும் ரயில் நிலையத்தில் நெரிசல் இருக்கும் என்று பயந்தேன். ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத விளையாட்டு இது. அதனால் ரயில்காரர்களும் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, முடியப்போகும் நேரம் பார்த்துச் சிறப்பு ரயில்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒன்று நகர, அடுத்தது வந்து நிற்கிறது. வீட்டுக்குப் போகும் எண்ணமே இல்லாமல் நடைமேடை ஓரத்தில் நின்று ஐந்து ரயில்களை வழியனுப்பினேன். மைதானத்தில்கூட இவ்வளவு கைதட்டியிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 9, சனி

மணிக்கட்டுக்குத் தைலம். வெளியே போகவில்லை. மாலையில் வீட்டிலேயே ஆட்டம் பார்த்தோம். கோபேயில் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று இருக்கிறது. டைகர்ஸ் ஆட்டம் எவ்வளவு நேரம் நீண்டாலும் பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை காட்டுவதற்குப் பேர்போனது. 1969இல் தொடங்கியது. பெயர் என்ன தெரியுமா? சன் டிவி! ஊரில் இருக்கும் என் மனைவியிடம் தொலைபேசியில், "இங்கேயும் சாயங்காலம் சன் டிவிதான்" என்றேன். "அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்றாள்.

இன்றும் வெற்றி.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் மைதானத்தை ஒட்டிய கோஷியென் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பெயர்க் காரணம் தெரிந்ததும் வந்த பயணம் வீண்போகவில்லை என்று தோன்றியது.

நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடச் சக்கரம் இருப்பதுபோலச் சீனம், ஜப்பான் பக்கமும் அறுபது வருடச் சக்கரம் உண்டு. அதில் முதல் வருடத்தின் பெயர் கோஷி. மைதானம் திறந்தது 1924 ஆகஸ்ட் 1. அது சக்கரத்தின் முதல் வருடம், மங்கலமான தொடக்கம் என்று அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் கணக்கில் அது ரக்தாட்சி வருடம், ஐம்பத்தெட்டாவது. அவர்கள் சக்கரம் புதிதாகத் தொடங்கியபோது நம்முடையது முடிய இன்னும் சில வருடம் பாக்கி. 'பிரபவ விளையாட்டரங்கம்' என்று சொல்லிப் பாருங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஓர் ஆற்றுக் கிளையை மூடி, அந்தப் படுகையை ஹன்ஷின் ரயில் கம்பெனி வாங்கி, ஐந்து மாதத்துக்குள் கட்டி முடித்தது. ரயிலில் ஆள் ஏற வேண்டுமானால் போவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? முதலில் இது பள்ளிப் பையன்களின் போட்டிக்காகக் கட்டப்பட்டது. தொழில்முறை அணி வந்தது 1935 கடைசியில்தான். ஒசாகாவும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டும் தொழில் நகரங்கள், டெட்ராய்ட் அணி டைகர்ஸ், ஆகவே இதுவும் டைகர்ஸ்.

இன்றைக்கும் வீட்டுக்காரன் பள்ளிப் பையன்தான், டைகர்ஸ் குடித்தனக்காரன் மாதிரி. ஆகஸ்டில் மேல்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டி நடக்கும்போது டைகர்ஸ் இடத்தைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். 'சாவுப் பயணம்' என்று அதற்குப் பெயர். பல வருடங்கள் அணி சரிந்தது அந்த வெயிலில்தான். இந்த வருடம் தலைகீழ். அந்தப் பயணத்தின் நடுவில், ஆகஸ்ட் 16 அன்று, ஹிரோஷிமாவில் வைத்து 'மேஜிக்' எண் எரியத் தொடங்கியது. மற்ற அணிகள் என்ன செய்தாலும் இத்தனை வெற்றி பெற்றால் பட்டம் உறுதி என்கிற எண் அது. எரிந்தபோது 29. அன்றிலிருந்து ஊர்க் கடைகளில் அந்த எண்ணை எழுதி மாட்டி, தினமும் மாற்றுகிறார்கள். மகள் வீட்டுப் பக்கத்து மீன் கடையில் இன்றைய விலைப் பலகைக்கு மேலே அது தொங்குகிறது.

தோற்ற பள்ளிப் பையன்கள் அழுதபடி கோஷியென் மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போகும் படங்கள் சுவர் நிறைய இருந்தன. ஜெயித்தவர்கள் கோப்பையோடு நிற்கும் படங்களும் இருந்தன. கூட்டம் நின்று பார்த்தது மண் அள்ளும் படங்களைத்தான்.

மைதானத்தில் விற்கும் கறிக் குழம்புச் சோறு, திறந்த காலத்திலிருந்தே இங்கே பேர்போனது. சாப்பிட்டேன். வரலாற்று மதிப்பு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹிரோஷிமாவுடன் மூன்றாவது ஆட்டத்திலும் வெற்றி.

செப்டம்பர் 11, திங்கள்

ஆட்டமில்லாத நாள். மகளும் நானும் ஒசாகா நகரத்துக்குள் டோடோன்போரிக்குப் போனோம். இரண்டு பக்கமும் விளம்பரப் பலகைகள் மினுமினுக்க நடுவில் ஒரு வாய்க்கால். ஆறு என்கிறார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து நான் ஆறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. அதன் மேல் எபிசு பாலம். இந்தப் பாலத்தில் நடந்த கூத்தை எழுதாமல் இந்த அணியைப் பற்றி எழுத முடியாது.

1985. மேனேஜர் யோஷியோ யோஷிடா. ஏப்ரல் 17 அன்று கோஷியெனில், ஜென்ம எதிரியான டோக்கியோவின் யோமியுரி ஜயன்ட்ஸுக்கு எதிராக, ஒரே இன்னிங்ஸில் மூன்று பேர் அடுத்தடுத்து ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடித்தார்கள். அமெரிக்கரான ராண்டி பாஸ், பிறகு ககேஃபு, மூன்றாவது ஆள் அகினோபு ஒகாடா. ஆம், இன்றைக்கு 65 வயதில் முகத்தைச் சுளித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மேனேஜர். அந்த வருடம் பாஸ் 54 ஹோம் ரன், தன் அடியால் அணிக்குச் சேர்த்த 134 ரன், .350 சராசரி என்று மூன்றிலும் முதலிடம். ஆகஸ்ட் 12 அன்று 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்தில் அணி நிர்வாகத்தின் தலைவரும் போனார். அந்தத் துக்கத்தோடு ஆடி லீக் பட்டத்தை வென்றார்கள்.

பட்டம் உறுதியான அக்டோபர் 16 இரவு, இந்தப் பாலத்தில் கூடிய கூட்டம் ஒவ்வொரு வீரரின் பெயராகக் கத்தும். அந்த வீரரின் சாயல் உள்ள ரசிகர் ஒருவர் ஆற்றில் குதிப்பார். பாஸ் பெயர் வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரருக்கு எங்கே போவது? பக்கத்திலிருந்த கே.எஃப்.சி. கடை வாசலில் கர்னல் சாண்டர்ஸ் சிலை சிரித்துக்கொண்டு நின்றது. தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். அணி மேற்கொண்டு, இரண்டு லீக்கின் அணிகளும் மோதும் ஜப்பான் தொடரில், மற்ற லீக்கின் சீபு லயன்ஸை 4-2 என்று வென்று ஜப்பான் சாம்பியனும் ஆனது.

அதன் பிறகு, வருடம் மேல் வருடமாகக் கடைசி இடம். கர்னலின் சாபம் என்றார்கள். 2003இல் லீக் பட்டம் வந்தபோது ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இங்கே குதித்தார்கள், ஒருவர் உயிரிழந்தார். அந்த வருடமும் ஜப்பான் பட்டம் கிடைக்கவில்லை. 2005இல் ஒகாடா மேனேஜராக மறுபடி லீக் பட்டம். ஆனால் ஜப்பான் தொடரில் நான்கு ஆட்டமும் தோல்வி. நான்கையும் கூட்டினால் 33-4. இந்த எண்ணை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். 2008இல் அதே ஒகாடாவின் அணி ஜயன்ட்ஸைவிட 13 ஆட்டம் முன்னால் இருந்தது. அவ்வளவு தூரத்தையும் தொலைத்து இரண்டாமிடம் வந்தது. ஒகாடா பதவி விலகினார். பதினான்கு வருடம் கழித்துத்தான் திரும்ப அழைத்தார்கள்.

2009 மார்ச்சில் ஆற்றங்கரை வேலையின்போது கர்னல் சேற்றிலிருந்து கிடைத்தார். கண்ணாடியும் இடது கையும் இல்லை.

இப்போது 'அது' என்று ஏன் சொல்கிறார் என்பது புரிகிறது. 2010இல் வேறோர் அணிக்கு மேனேஜராக இருந்தபோதுதான் முதலில் ஆரம்பித்தாராம். பட்டம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே வீரர்களின் கைகால் இறுகியது, அதனால் சொல்லை மாற்றினார். இந்த வருடம் அணியின் அதிகாரபூர்வ முழக்கமே ஏ, ஆர், இ என்ற மூன்று எழுத்து. 13 ஆட்டத்தைத் தொலைத்தவர் வாயில் அந்தச் சொல் எப்படி வரும்?

மகள் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து படம் எடுத்தாள். "அப்பா, குதித்துவிடாதீர்கள்" என்றாள்.

செப்டம்பர் 13, புதன்

நேற்று எழுதவில்லை. நேற்றும் இன்றும் ஜயன்ட்ஸோடு கோஷியெனில் ஆட்டம், இரண்டிலும் வெற்றி. டிக்கெட்டுக்கு மாப்பிள்ளை எங்கெங்கோ முயன்றுவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

பகலில் ரொக்கோ மலைக்குக் கேபிள் ரயிலில் ஏறினேன். 931 மீட்டர். அணிப்பாட்டே இந்த மலையிலிருந்து இறங்கும் காற்றில்தான் தொடங்குகிறது. மேலே காற்று அப்படியொன்றும் வீசவில்லை, பனிமூட்டம்தான். கீழே கடலும் மலையும் நெருக்க, நடுவில் ஒரு பட்டையாக ஊர்கள்.

அந்தப் பட்டையைத்தான் 1995 ஜனவரி 17 விடியற்காலையில் நிலநடுக்கம் உலுக்கியது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நிஷினோமியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். மகளின் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும், கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். அன்று அவர் வீடு விழுந்துவிட்டது. கோஷியெனின் படிக்கட்டு வரிசைகளில் விரிசல். இரண்டே மாதத்தில், மார்ச்சில், அங்கே பள்ளிகளின் வசந்தகாலப் போட்டியை நடத்தினார்கள். நடத்தலாமா கூடாதா என்று ஊரே இரண்டுபட்டதாம். "உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். "தண்ணீர்க் குழாய் வரவில்லை என்ற கோபம்தான் இருந்தது. கைதட்டும் சத்தம் கேட்டதும் வெளியே வந்து நின்றேன்" என்றார்.

நாளை வென்றால் முடிந்தது. வீட்டுக்காரம்மாவின் சமையலறையில் ஏதோ ஒரு பாட்டில் துணி போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. என்னவென்று கேட்டேன். "அரே" என்றார்.

செப்டம்பர் 14, வியாழன் (எழுதுவது பதினைந்து விடியற்காலை)

கை நடுங்குகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்துக்குப் பின் தெருவில் ஒரு சிறிய ஒகோனோமியாகி கடை. முட்டைக்கோசும் மாவும் கலந்து இரும்புக் கல்லில் வார்க்கிற ஊத்தப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் இடத்தில் முப்பது பேர். கடைக்காரர் கல்லைப் பார்க்காமல் தொலைக்காட்சியையே பார்த்ததில் எனக்கு வந்தது ஒரு பக்கம் கருகியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால் தொலைக்காட்சி சில நொடி தாமதம். மைதானத்தின் இரைச்சல் முதலில் சுவர் வழியாக வந்துவிடும், பிறகுதான் திரையில் காரணம் வரும். ஆறாம் இன்னிங்ஸில் அப்படித்தான். முதலில் ஓயாமா உயரே அடித்த ஒரு பந்தில் ஒரு ரன் வந்தது. அடுத்து திரையில் சாட்டோ இன்னும் மட்டையை ஓங்கக்கூட இல்லை, வெளியே இடி இடித்தது. கடை முழுவதும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவர் அடித்தார். ஹோம் ரன், மூன்றுக்குப் பூஜ்யம்.

ஜயன்ட்ஸ் சும்மா விடவில்லை. ஒன்று ஒன்றாகத் துரத்தினார்கள். ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு இவாசாகி பந்து போட வந்தார். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு. அது அவருடைய வழக்கமான வருகைப் பாட்டு இல்லை என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னார். பக்கத்திலிருந்த பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கடையில் சிலர் சன்னமாகச் சேர்ந்து பாடினார்கள்.

ஷின்டாரோ யோகோட்டா என்ற பையன். 2013இல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் இவாசாகியோடு சேர்ந்து இந்த அணிக்கு வந்தவன். மூளையில் கட்டி வந்து பார்வை கெட்டது. பந்து இரண்டாகத் தெரியும். 2019 செப்டம்பரில் இரண்டாம் அணிக்காக ஆடிய விடைபெறும் ஆட்டத்தில், நடுமைதானத்தில் தன்னிடம் வந்த பந்தை எடுத்து நேராக ஹோமுக்கு வீசி ஓடியவனை அவுட்டாக்கினான். இந்த ஜூலை 18 அன்று 28 வயதில் இறந்துபோனான். இப்போது ஒலித்தது அவன் மட்டை பிடிக்க வரும்போது ஒலித்த பாட்டு.

ஜயன்ட்ஸ் ஒரு ரன் வித்தியாசம் வரை வந்துவிட்டார்கள். 4-3. கடைக்காரர் அடுப்பை அணைத்தார். கடைசிப் பந்து உயரே எழும்பியது. இரண்டாம் பேஸ் நகானோ கீழே நின்று கையை விரித்தார். இம்முறை வெளியிலிருந்து இரைச்சல் வருவதற்கு முன்பே கடையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பந்து இறங்குவதற்குள் எனக்கு 2008இன் 13 ஆட்டமும் ஞாபகம் வந்து போயிற்று. என் அணியே கிடையாது, ஒரு வாரப் பழக்கம், எனக்கு ஏன் கண் கலங்க வேண்டும் என்று தெரியவில்லை.

பிடித்துவிட்டார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம், அதுவும் பதினோரு தொடர் வெற்றியோடு. ஒகாடாவை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அடுத்து இவாசாகியைத் தூக்கினார்கள். அவர் கையில் யோகோட்டாவின் 24ஆம் எண் சட்டை. சட்டையும் அவரோடு மேலே போய்ப் போய் வந்தது.

பேட்டியில் ஒகாடா சொன்னதை மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: 'அது' என்ற சொல்லை இன்றோடு மூடி முத்திரை வைக்கிறேன், இனி எல்லோரும் சேர்ந்து யூஷோவைக் கொண்டாடுவோம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்ததும் மைதானத்தில் எழுந்த சத்தம், ஹோம் ரன்னுக்கு எழுந்ததைவிடப் பெரிது. கடைக்காரர் கல்லைத் தோசைத் திருப்பியால் தட்டித் தட்டிக் கத்தினார்: "யூஷோ! யூஷோ!" ஒன்பது மாதம் வாயை மூடி வைத்திருந்தவர்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கீழ்த்தளத்தில் விளக்கு எரிந்தது. மேசை மேல் சாக்கே பாட்டில், துணி எடுத்தாயிற்று. நான்கு கிண்ணம் வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேர்தான் போனோம். நான்காவதில் ஊற்றி, சுவரில் இருந்த கணவர் படத்தின் முன்னால் வைத்தார்.

செப்டம்பர் 15, வெள்ளி

இன்று இரவு விமானம். கோபேயின் விளையாட்டுத் தினசரி ஒன்று, மழை பெய்தாலும் முதல் பக்கத்தில் டைகர்ஸையே போடுவது. இன்று காலை எட்டு மணிக்குள் எல்லாக் கடைகளிலும் தீர்ந்துவிட்டது. மீன்காரர் தன் பிரதியை எனக்குக் கொடுத்தார். படிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு என்று மறுத்தேன், படம் பார்க்கச் சொன்னார். விலைப் பலகைக்கு மேலே எண் இல்லை, வெறும் ஆணி.

டோடோன்போரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீஸார் நின்றும் 26 பேர் குதித்திருக்கிறார்கள். ஐயாயிரம் எங்கே, இருபத்தாறு எங்கே என்றேன். ஒழுங்கு வந்துவிட்டது என்று மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்து ஜப்பான் பட்டம் பாக்கியிருக்கிறது. 1985க்குப் பிறகு கிடைக்காதது. அதற்கு இவர்கள் அதற்குள் 'அரே நோ அரே' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனுடைய அது.

பெட்டியை இறக்கும்போது வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்தார். மகள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லும் வார்த்தையை ஒரு வாரமாகக் கேட்டுப் பாடம் செய்து வைத்திருந்தேன். "இத்தே கிமாஸ்" என்றேன். மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, அது வீட்டைச் சேர்ந்தவர்கள் சொல்வது. 'போய் வருகிறேன்' என்று அர்த்தம். விருந்தாளி அப்படிச் சொல்ல மாட்டார்."

வீட்டுக்காரம்மா அவளைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்துக் குனிந்து, "இத்தேராஷாய்" என்றார். போய் வாருங்கள்.